குக்கரில் இறால் பருப்புச் சோறு: பருப்பு வேகவில்லை, அடி பிடிக்கிறது, இறால் ரப்பராகிறது

உப்புக்காற்று, தேவிபட்டினம்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஐந்து பேர். காலையில் நானும் கணவரும் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கு. சோறு, குழம்பு, கூட்டு என்று தனித்தனியாக நிற்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் அரிசி, பருப்பு, காய், இறால் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு இறக்கிவிடப் பார்க்கிறேன். வயிறு நிறைய வேண்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் வேண்டும். ஆனால் சரியாக வர மாட்டேன் என்கிறது.

ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர், கேஸ் அடுப்பு. எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, முண்டு மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதைச் சேர்க்கிறேன். பிறகு ரேஷன் புழுங்கலரிசி இரண்டு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், முருங்கைக்காய், அரைக் கிலோ இறால், நெல்லிக்காய் அளவு புளி, தண்ணீர் ஆறு டம்ளர். ஐந்து விசில்.

திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது. அடியில் கறுப்பாகப் பிடித்திருக்கிறது. இறால் சுருண்டு, மெல்லவே முடியவில்லை. மேல்பக்கச் சோறு கொஞ்சம் விறைப்பு. விசிலைக் கூட்டினால் அடி இன்னும் தீய்கிறது, பருப்பு அப்படியே இருக்கிறது.

பருப்பு பழசு என்கிறார் மாமியார். ஆனால் இதே பருப்பைக் கொஞ்சம் மதுரையில் அக்காவுக்குக் கொடுத்தேன், அங்கே மூன்று விசிலில் குழைந்துவிட்டதாம். சமையலுக்கு நாங்கள் போர் தண்ணீர்தான் எடுக்கிறோம். காவிரித் தண்ணீர் வரும்போது பிடித்து, குடிக்க மட்டும் வைத்துக்கொள்வோம். எங்கே கோளாறு என்று யாராவது சொல்லுங்கள்.

பாம்பன் தம்பி

அக்கா, பருப்பில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். உடனே வெந்துவிடும்.

கீழக்கரை லாத்தா

தம்பி சொன்ன சோடா வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தினமும் போடும் பழக்கம் வேண்டாம். பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் சோடாவில் அழியும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் சோப்பு வாடையும் வரும். மூலகாரணத்தைப் பிடித்துவிட்டால் சோடாவே தேவைப்படாது.

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஒரே பருப்பு மதுரையில் வேகிறது, தேவிபட்டினத்தில் வேகவில்லை. எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். நம் கடலோரத்து போர் தண்ணீரில் இரண்டு கோளாறு உண்டு. கரிப்பு நாக்கில் தெரியும். கடினத்தன்மை நாக்கில் தெரியாது. சோப்பு நுரைக்காது, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பருப்பைக் கெடுப்பது இந்தக் கடினத்தன்மை. பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்தால் இறுகிப்போகும், கரையாது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாகவே நிற்கும்.

அதோடு நீங்கள் தக்காளியையும் புளியையும் முதலிலேயே போடுகிறீர்கள். புளிப்பும் இதே வேலையைத்தான் செய்யும், பருப்பை வேகவிடாது. கடினத் தண்ணீரும் புளியும் சேர்ந்தால் பருப்பு என்ன செய்யும்?

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஒரே அளவு பருப்பு எடுத்து, ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் காவிரித் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு, புளி எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே குக்கருக்குள் வைத்து மூன்று விசில் விடுங்கள். இரண்டும் வேகாவிட்டால் பருப்புதான் பழசு. ஒன்று மட்டும் வெந்தால் தண்ணீர்.

குக்கர் ரிப்பேர் அண்ணன், ராமநாதபுரம்

அடி பிடிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சமையலை லாத்தா பார்த்துக்கொள்வார்கள்.

தங்கச்சி, குக்கர் சூடாகும்போது கைப்பிடிப் பக்கமோ மூடி ஓரமோ ஆவி கசிகிறதா, தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். முதல் விசில் வர முன்பைவிட நேரமாகிறதா? அப்படியென்றால் காஸ்கெட் போய்விட்டது. உள்ளே அழுத்தம் ஏறாது, ஆனால் தண்ணீர் மட்டும் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். மேலே சோறு விறைப்பு, கீழே கருகல் என்று நீங்கள் சொல்வது அதற்கும் பொருந்துகிறது. ரப்பரை வளைத்துப் பாருங்கள். கல்லுப்போல் இருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். உங்கள் குக்கரின் கம்பெனி, லிட்டர் இரண்டையும் சொல்லி வாங்குங்கள். அளவு கொஞ்சம் மாறினாலும் கசியும்.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்பு நுரை அதில் ஏறி அடைத்துக்கொள்ளும். பருப்பும் அரிசியும் வேகவைக்கும்போது பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பவே கூடாது. பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பெரியவர்கள் விளக்கெண்ணெய் விடுவது அதற்கும் உதவும்.

குக்கர் அடி உப்பியிருந்தால் நடுவில் மட்டும் தீ ஏறிக் கருகும். ஸ்கேலை அடியில் வைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. புளியும் உப்பும் போட்டு மிச்சச் சோற்றை அலுமினியத்திலேயே விட்டுவைப்பீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். உள்ளே சின்னச் சின்னக் குழி விழும், அந்தக் குழியில்தான் பிறகு ஒட்டும்.

உப்புக்காற்று

லாத்தா, அண்ணே, ரொம்ப நன்றி. இரண்டையும் செய்து பார்த்தேன்.

போர் தண்ணீர்க் கிண்ணத்தில் பருப்பு அப்படியே முழுசாக இருந்தது. காவிரித் தண்ணீர்க் கிண்ணத்தில் வெந்துவிட்டது, கரண்டியால் அழுத்தினால் மசிகிறது. ஆனால் அக்கா வீட்டில் குழைந்ததுபோல் வெண்ணெயாக இல்லை, லேசாகத் திப்பி தெரிகிறது. மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காஸ்கெட்டில் ஓரிடத்தில் விரிசல் இருக்கிறது, வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கேள்வி: காவிரித் தண்ணீர் எங்களுக்கு எல்லா நாளும் வராது. எல்லாச் சமையலுக்கும் அதை எடுத்தால் குடிக்க இருக்காது. அப்புறம் இறால்?

தொண்டி அக்கா

அந்தத் திப்பிக்கு உங்கள் மாமியார் சொன்னதுதான் காரணமாக இருக்கும். அக்காவுக்குக் கொடுத்த பருப்பு அப்போதே புதுசாக வெந்துவிட்டது, உங்கள் டப்பாவில் இருப்பது அதற்குப் பிறகும் இந்தப் புழுக்கத்தில் கிடந்திருக்கிறது. சூடும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில் பருப்பை வெகுநாள் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும், பிறகு எந்தத் தண்ணீரிலும் முழுசாகக் குழையாது. கடலோரத்தில் மூட்டையாக வாங்கி வைப்பது லாபமில்லை. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக்கமான டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

தண்ணீருக்கு ஒரு வழி. பருப்பு ஊறவும் வேகவும் மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால் போதும். அரை டம்ளர் பருப்புக்கு ஊறவைக்க ஒரு டம்ளர், வேக ஒன்றரை டம்ளர். அரிசி கழுவ, காய் கழுவ போர் தண்ணீரே இருக்கட்டும். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கொஞ்சம் சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் தங்கும், மேலே தெளிந்ததை இறுத்து அரிசிக்கு ஊற்றலாம். முழுக் கடினத்தன்மையும் கொதியில் போகாது, அதனால் பருப்புக்கு அதை நம்ப வேண்டாம். கரிப்பு இருக்கும் தண்ணீர் என்றால் உப்பைப் பாதியாகப் போட்டு, வெந்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.

கீழக்கரை லாத்தா

அக்கா சொன்னது சரி. இப்போது இறாலுக்கு வருகிறேன், எனக்கு மனசுக்குப் பிடித்த இடம் இதுதான்.

இறாலுக்கு நிமிடக் கணக்குத்தான். நிறம் மாறி, உள்ளே கண்ணாடிபோல் தெரிந்த சதை வெள்ளையாகி, வளைந்துவிட்டால் வெந்தாயிற்று. நடுத்தர இறாலுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். ஐந்து விசில் அதில் கிடந்தால் சதையில் உள்ள நீர் எல்லாம் பிழிந்து வெளியே வந்து ரப்பராகத்தான் ஆகும். இதில் அரிசியும் இறாலும் சேர்ந்து போகவே முடியாது.

‘பிறகு போட்டால் சோற்றில் இறால் ருசி இறங்காதே’ என்று நினைப்பீர்கள். ருசி முக்கால்வாசி தலையிலும் ஓட்டிலும் இருக்கிறது, அதைத்தான் நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம். சுத்தம் செய்யும்போது தலையையும் ஓட்டையும் எடுத்துக் கழுவி, குக்கரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிவந்து மணம் வரும்வரை வதக்குங்கள். ஏழு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றி, மூடாமல் கால்மணி நேரம் கொதிக்கட்டும். கரண்டியால் தலைகளை நன்றாக நசுக்கி வடிகட்டினால் சிவந்த சாறு வரும். இதை இரவே செய்து ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். சுத்தம் செய்த இறாலும் மஞ்சள், உப்பு, மிளகு பிசிறி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். நல்ல தண்ணீர் தட்டுப்பாடு என்றால் பருப்புக்கான ஒன்றரை டம்ளர் சாறுக்கு மட்டும் நல்ல தண்ணீர், மீதிக்கு அக்கா சொன்ன தெளிந்த தண்ணீர் என்று இரண்டாகப் பிரித்துக் கொதிக்கவையுங்கள்.

காலையில் அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குக்கரில் வெங்காயம், பூண்டு, மிளகாய் விழுது மட்டும் வதக்குங்கள். தக்காளி இப்போது வேண்டாம். விழுது எண்ணெய் பிரியும்வரை வதங்கட்டும், பச்சையாக விட்டால் அதுதான் முதலில் அடியில் பிடிக்கும். பிறகு ஒன்றரை டம்ளர் சாறு ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கருகல் தொடங்குவது அங்கேதான். ஊறிய பருப்பைப் போட்டு மூன்று விசில்.

ஆவி அடங்கியதும் திறந்து, தக்காளி, புளிக்கரைசல், விரல் நீளத்துக்குப் பெரிதாக நறுக்கிய முருங்கைக்காய், உப்பு, ஊறிய அரிசி, சூடாக்கிய சாறு ஐந்து டம்ளர். சாறு கொதியில் குறைந்திருந்தால் தண்ணீர் சேர்த்து ஐந்தாக்குங்கள், புளிக்கரைசலையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள். அடிவரை ஒருமுறை கிளறி மூடுங்கள். அதன்பிறகு கரண்டி வேண்டாம். முதல் விசிலுக்கு அப்புறம் தீயைக் குறைத்து, மொத்தம் மூன்று விசில், சிறுதீயில் ஐந்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்.

திறந்ததும் இறாலைச் சோற்றின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, லேசாக அழுத்தி, வெயிட் போடாமல் மூடி, குக்கருக்கு அடியில் தோசைக்கல் வைத்துச் சிறுதீயில் ஐந்தாறு நிமிடம். ஓர் இறாலைப் பிட்டுப் பாருங்கள், நடுவிலும் வெள்ளையாக இருந்தால் இறக்கிவிடலாம்.

சீரகச் சம்பாவில் செய்தால் தண்ணீர்க் கணக்கு மாறும். குக்கரில் ஒன்றுக்கு ஒன்றரை போதும். தேங்காய்ப்பால் ஊற்றினால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள். இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் தெளியுங்கள். முதலிலேயே கெட்டிப்பால் ஊற்றினால் திரிந்து அடியில் பிடிக்கும்.

பாம்பன் தம்பி

லாத்தா, கணவாய்க்கும் இதே கணக்கா? மீன் போட்டால்?

கீழக்கரை லாத்தா

கணவாய்க்கு நடுவழி கிடையாது தம்பி. இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முக்கால்மணி நேரம் சிறுதீயில் விட்டு மறுபடி மெத்தென்று ஆகவிட வேண்டும். இடையில் நிறுத்தினால் செருப்புத் தோல்தான். சோற்றுக்கு என்றால் முதல் வழி, வளையமாக மெல்லிசாக நறுக்கி இறால்போலவே கடைசியில் போடு.

மீனில் சீலா, பாறை, விளமீன் போன்ற சதைக்கெட்டி மீனைத் துண்டாக மேலே வைத்து எட்டு நிமிடம். சூடை போன்ற முள் மீன் வேண்டாம், சோற்றுக்குள் முள் தேடிப் பிள்ளைகள் சாப்பிட முடியாது.

உப்புக்காற்று

இன்று செய்தேன். புதுக் காஸ்கெட், இரவே எடுத்துவைத்த சாறு, லாத்தா சொன்ன வரிசை. பருப்பு வெந்து சோற்றோடு கலந்திருக்கிறது. அடியில் லேசான பொன்னிற ஏடு, கருகல் இல்லை. இறாலைச் சின்னவளே தானாக எடுத்துச் சாப்பிட்டாள். மாமியார் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள், எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். இதை மதியத்துக்கு டப்பாவில் கொடுத்துவிடலாமா? அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறிவிடும். அந்த 61 நாளும் என்ன போடலாம்?

தொண்டி அக்கா

இறால் போட்ட சோற்றை இந்த வெயிலில் மதியம்வரை டப்பாவில் வைக்காதீர்கள். காலையில் ஆக்கியதை வீட்டில் சூடாகச் சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவுக்கு இறால் போடுவதற்கு முன் மேலாகக் கொஞ்சம் சோற்றை எடுத்து, அகலத் தட்டில் ஆறவிட்டுக் கட்டிக் கொடுங்கள். சாறு ஊறிய சோறு என்பதால் அதையும் முதல் இடைவேளையிலேயே சாப்பிடச் சொல்லுங்கள். மதியம்வரை இருக்க வேண்டும் என்றால் அந்த நாளுக்குச் சாறு வேண்டாம், வெறும் பருப்பும் முருங்கைக்காயும் போதும்.

தடைக்காலத்துக்குக் கூனிக் கருவாடு, அதாவது காயவைத்த பொடி இறால், வாங்கி வையுங்கள். வெறும் சட்டியில் சிறுதீயில் மொறுமொறுப்பாக வறுத்து, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் மணலும் மீசையும் போய்விடும். ஒரே ஒரு அலசு அலசிப் பிழிந்து, வெங்காயத்தோடு சேர்த்து வதக்கிவிட்டு அதன்மேல் பருப்பும் சாறுக்குப் பதில் நல்ல தண்ணீரும் ஊற்றுங்கள். ஐந்து பேருக்கு ஒரு கைப்பிடி போதும். கத்தரிக்காய் சேர்த்தால் கூனிக்கு இன்னும் பொருந்தும், முருங்கைக்காயோடு நாலு துண்டு போடுங்கள். உப்பை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள், கூனியிலும் இருக்கும், உங்கள் தண்ணீரிலும் இருக்கும்.