முதல் தடவை குரூஸ் போறோம், புதுசா போறவங்க எங்கெல்லாம் சொதப்புறாங்க?

புதுப்பயணி:
வணக்கம் மக்களே. வர்ற ஆகஸ்ட்ல குடும்பத்தோட முதல் தடவையா குரூஸ் போறோம். ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துல ஏறி மிக்கோனோஸ், சான்டோரினி இன்னும் ரெண்டு மூணு தீவு, கூட குசாடசியும் பார்த்துட்டு திரும்ப பிரேயஸ்லயே இறங்குற ஏழு ராத்திரி ட்ரிப். நான், வீட்டுக்காரர், எட்டு வயசு பையன், கூட மாமனார் மாமியார். மாமியாருக்கு முட்டி வலி, மாமனார் பிபி மாத்திரை போடறவர், அவருக்கு இப்பவே கப்பல்னா தலை சுத்துமாம். ஃப்ளைட் அன்னிக்கு காலைல 11 மணிக்கு ஏதென்ஸ்ல இறங்குது, கப்பல் சாயங்காலம் 5 மணிக்கு கிளம்புது, தாராளமா நேரம் இருக்குல்ல? யூடியூப்ல பார்த்தா ஆளாளுக்கு காந்தக் கொக்கி வாங்கு, ஷூ தொங்கவிடுற பை வாங்குன்னு ஒரு கடையே காட்டுறாங்க. எனக்கு அது வேணாம், போய்ட்டு வந்தவங்க நிஜமா புதுசா வர்றவங்க எதுல மாட்டிக்கறாங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

உப்புக்காத்து:
காந்தக் கொக்கி நல்ல ஐட்டம்தாங்க, ரூம் சுவரு இரும்புத் தகடு, சும்மா ஒட்டிக்கும், ஆனா அது இல்லாம யாரும் செத்துப்போகல. நீங்க கேட்காம விட்டதுதான் பெருசு.

முதல்ல அந்த ஃப்ளைட். 11க்கு இறங்கி 5க்கு கப்பல்னா கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 5ங்கிறது கப்பல் நகர்ற நேரம், செக்கின் அதுக்கு ஒரு மணி ஒன்றரை மணி முன்னாடியே மூடிடுவாங்க, பயணிகள் லிஸ்ட்டை முடிச்சுக் கொடுக்கணும்ல. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வர்ற நேரம், அப்புறம் ஏர்போர்ட்ல இருந்து துறைமுகத்துக்கு மெட்ரோவோ பஸ்ஸோ எதுல போனாலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இதுல ஃப்ளைட் மூணு மணி நேரம் லேட்டாச்சுன்னா முடிஞ்சுது. கப்பல் யாருக்காகவும் நிக்காது, நீங்களே அடுத்த துறைமுகம் வரைக்கும் சொந்தச் செலவுல போய் பிடிக்கணும், ஆகஸ்ட்ல தீவுக்கு டிக்கெட் கிடைக்கறதே பெரும்பாடு. முதல் நாளே போய் இறங்கிடுங்க. வயசானவங்க கூட வர்றாங்க, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து ஏறினா அவங்களுக்கும் உடம்பு தாங்கும்.

ரெண்டாவது விசா. குசாடசி துருக்கி, அது ஷெங்கன் (ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டம்) கிடையாது. அங்க போய்ட்டு திரும்ப கிரீஸ் வர்றீங்க, அதாவது ஷெங்கனுக்குள்ள ரெண்டு தடவை நுழையறீங்க. உங்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவைன்னா சிங்கிள் என்ட்ரி வச்சுட்டு கிளம்பாதீங்க, மல்டிபிள் என்ட்ரி வேணும். துருக்கி விசா விஷயத்தையும் தனியா கேட்டு வச்சுக்கோங்க, நாங்க கப்பலை விட்டே இறங்கமாட்டோம்னு சொன்னாலும் சில இடத்துல விசா கேட்பாங்க. பேப்பர் சரியில்லைன்னா ஏறும்போதே நிறுத்திடுவாங்க, பணமும் திரும்ப வராது. ஏஜென்ட் பார்த்துக்குவார்னு விட்டுட்டு கடைசில கவுன்ட்டர் முன்னாடி நின்னு ஏஜென்ட்டுக்கு போன் போட்டுட்டு இருக்கிற குடும்பத்தை நான் பார்த்திருக்கேன், பாவமா இருந்துச்சு, போன் எடுக்கவே இல்ல அந்தாளு.

மூட்டைமுடிச்சு:
உப்புக்காத்து அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் சாமான் விஷயம் மட்டும் சேர்த்துக்கறேன்.

பெரிய பெட்டியை துறைமுகத்துலயே டேக் மாட்டி வாங்கிக்குவாங்க, அது உங்க ரூம் வாசலுக்கு வர சாயங்காலம் ஆகும், சில நேரம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும். அதனால மாமனார் மாத்திரை, எல்லார் பாஸ்போர்ட், சார்ஜர், பையனோட நீச்சல் டிரஸ், ஒரு மாத்துத்துணி இதெல்லாம் கைப்பையில. முதல் நாள் மத்தியானம் நீச்சல்குளம் பக்கம் போய்ப் பாருங்க, ஜீன்ஸ் பேன்ட்டும் ஷூவும் போட்டு வேர்த்து ஊத்திட்டு உட்கார்ந்திருக்கிறவர் எல்லாம் புதுசு, தண்ணில குதிச்சு ஆடறவர் எல்லாம் பழசு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போறவங்க கவனம், சர்ஜ் ப்ரொடெக்டர் (கரன்ட் திடீர்னு எகிறினா தடுக்கிற அமைப்பு) உள்ளது ஸ்கேன்லயே மாட்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், மெழுகுவர்த்தி இதெல்லாமும் அப்படித்தான், கப்பல்ல தீன்னா அவங்களுக்கு அவ்ளோ பயம், நடுக்கடல்ல ஓடி எங்க போறது.

போனை கரை தாண்டும்போதே ஏர்பிளேன் மோட்ல போட்டுடுங்க, அப்புறம் வேணும்னா கப்பல் வைஃபையை மட்டும் ஆன் பண்ணிக்கலாம். நடுக்கடல்ல டவர் காட்டும், அது கப்பலோட சொந்த டவர், சாட்டிலைட் வழியா போறது, உங்க சாதாரண ரோமிங் பேக் அதுக்கு செல்லாது. பையன் கையில போன் இருந்தா அதையும் பாருங்க, பில்லு வந்து நிக்கறது பெரும்பாலும் அந்த போன்லதான்.

கணக்கு இன்னொன்னு. கப்பல்ல காசு கிடையாது, ரூம் கார்டைத் தேய்ச்சு தேய்ச்சு வாங்குவீங்க, கடைசியில மொத்தமா உங்க கார்டுல எடுப்பாங்க. டெபிட் கார்டு கொடுக்காதீங்க. அவங்க முன்கூட்டியே ஒரு தொகையை ஹோல்டு பண்ணுவாங்க, அது உங்க அக்கவுன்ட்ல இருந்தும் இல்லாத பணம் மாதிரி நாள்கணக்கா முடங்கிக் கிடக்கும். டிப்ஸும் பல கப்பல்ல தலைக்கு இவ்ளோன்னு தினமும் தானா ஏறும், எட்டு வயசு பையனுக்கும் சேர்த்துத்தான். ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்கறதா இருந்தா விதியைப் படிங்க, ஒரே ரூம்ல ஒரு பெரியவர் எடுத்தா இன்னொரு பெரியவரும் எடுத்தாகணும்னு நிறைய கம்பெனி வச்சிருக்கு. எனக்கு அந்த பேக்கேஜே பிடிக்காது, காசு கொடுத்தாச்சேன்னு குடிக்கிறது ஒரு வேலையா மாறிடும். தினமும் ஆப்புலயோ ரூம் டிவிலயோ கணக்கைப் பார்த்துட்டே வாங்க. கடைசி ராத்திரி கவுன்ட்டர்ல வரிசை நிக்கும் பாருங்க, அவ்ளோ பேரும் ஏழு நாள் பார்க்காம விட்டவங்க.

கடல்காகம்:
எல்லாம் சரி, ஒண்ணே ஒண்ணு மறந்துட்டீங்க. கப்பல்காரன் விக்கிற டூர் எதையும் எடுக்காதீங்க. ரெண்டு மடங்கு விலை, நாப்பது பேரை ஒரு பஸ்ல அடைச்சு கொடி பிடிச்சுட்டு நடப்பாங்க, பாதி நேரம் கடையில நிறுத்துவாங்க. குசாடசில கப்பல் ஊருக்குள்ளயே வந்து நிக்குது, எஃபெசஸ்ங்கிற பழங்கால நகரத்து இடிபாடு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்தான், ஒரு வேன் பேசிட்டு போனா அஞ்சு பேரும் நிம்மதியா நம்ம வேகத்துக்கு பார்த்துட்டு வரலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க, அங்க நிழலே கிடையாது.

உப்புக்காத்து:
காகம், குசாடசிக்கு நீ சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா எதையும் எடுக்காதீங்கன்னு புதுசா வர்றவங்ககிட்ட சொல்லாதப்பா. துறைமுகத்துல இருந்து பார்க்கப் போற இடம் எவ்ளோ தூரம்ங்கிறதுதான் கேள்வி. விளம்பரத்துல ரோம்னு போட்டிருக்கும், கப்பல் நிக்கிறது சிவிடவெக்கியால, அங்கிருந்து ரோம் ரயில்ல ஒரு மணி நேரம். பாரீஸ்னு போட்டிருந்தா லஹாவ்ர், பெர்லின்னு போட்டிருந்தா வார்னெமுண்டே, அது போக மட்டும் மூணு மணி நேரம். அந்த மாதிரி இடத்துல சொந்தமா போய் ரயில் லேட்டாச்சுன்னா கப்பல் போயிட்டே இருக்கும். கப்பல் டூர்ல போனவங்க லேட்டானா காத்திருப்பாங்க, இல்லைன்னா அடுத்த ஊருக்கு அவங்க பொறுப்புல கொண்டு வந்து சேர்ப்பாங்க. அந்த கூடுதல் காசு அதுக்குத்தான். பக்கத்துல இருக்கிறதுக்கு சொந்தமா போங்க, தூரமானதுக்கு கப்பல் டூர், என் கணக்கு இதுதான்.

புதுப்பயணிக்கு: சான்டோரினியைத் தனியா யோசிங்க, அது தூரமே இல்லாம கஷ்டப்படுத்துற ஊரு. அங்க கப்பல் கரையில கட்டாது, கடல்ல நிக்கும், டெண்டர்னு சின்னப் படகுல கொண்டு போய் பழைய துறைமுகத்துல விடுவாங்க. ஊரு மேல மலை உச்சியில. ஏற மூணு வழி: கேபிள் கார், கழுதை, இல்லைன்னா கிட்டத்தட்ட 600 படி. இந்த மூணுல மாமியார் முட்டிக்கு கேபிள் கார் ஒண்ணுதான் வழி. ஏறும்போது வேற துறைமுகத்துல இறக்கி பஸ்ல மேல கொண்டு போற கப்பல் டூர் உண்டு, ஆனா இறங்கறது அநேகமா கேபிள் கார்தான். நாலஞ்சு கப்பல் ஒரே நாள்ல நின்னா அந்த கேபிள் கார் வரிசை சந்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரு மணி ஒன்றரை மணி நேரம் வெயில்ல நிக்கணும். கடைசி டெண்டர் நேரத்துல இருந்து பின்னோக்கி கணக்கு போட்டு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வரிசைக்கு வந்துடுங்க. அதே தீவுல இருக்கிற ஓயாங்கிற ஊர்ல சூரிய அஸ்தமனம் பார்த்துட்டுத்தான் வருவோம்னு அடம்பிடிக்கிறவங்க கப்பல் எத்தனை மணிக்கு கிளம்புதுன்னு முதல்ல பார்க்கணும், அந்த ஒத்தை ரோட்டுல ட்ராஃபிக் வேற.

அப்புறம் ஆகஸ்ட்னு சொன்னீங்க. ஜூலை ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து அடிக்கும், வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா காத்து தூக்கும். டெண்டர் ஓட்ட முடியலைன்னா கேப்டன் அந்த ஊரையே விட்டுட்டுப் போயிடுவார், மிக்கோனோஸும் சான்டோரினியும் அப்படி தப்பிப்போறது சகஜம். டிக்கெட் ஒப்பந்தத்துலயே அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு, துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். அதனால தீவுல சொந்தமா எது புக் பண்ணாலும் கேன்சல் பண்ண முடியுறதா பண்ணுங்க.

புதுப்பயணி:
அய்யோ இவ்ளோ இருக்கா, விசா விஷயம் சத்தியமா எங்க ஏஜென்ட் வாயே திறக்கல, இன்னிக்கே கேட்கறேன். ரூம் இன்னும் எடுக்கல, எங்க எடுக்கறது? மாமனார் தலைசுத்தலுக்கு என்ன பண்றது? பால்கனி இருந்தா காத்து வரும், வாந்தி வராதுன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

கீழ்டெக்:
இப்பத்தான் த்ரெட் பார்த்தேன். நான் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங்ல இருந்தவன், இப்ப கரையில.

சகோதரி, பால்கனியைவிட ரூம் எந்த இடத்துல இருக்குங்கிறதுதான் முக்கியம். கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல (கீழ்த் தளத்துல) எடுங்க. ஆட்டம் அங்கதான் கம்மி. மூக்குப் பக்கமும் உச்சி டெக்கும்தான் அதிகமா ஆடும். கப்பல் பக்கவாட்டுல இருந்து இறக்கை மாதிரி நீட்டுற ஸ்டெபிலைசர் இருக்கு, அது இடவலமா உருள்றதைத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடறதை ஒண்ணும் பண்ணாது. புக் பண்றதுக்கு முன்னாடி டெக் பிளானைத் திறந்து உங்க ரூமுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. மேல பஃபே இருந்தா விடிகாலையில நாற்காலியை இழுக்கற சத்தத்துலதான் எழுந்திருப்பீங்க. கீழ தியேட்டர் இருந்தா ராத்திரி டமடமன்னு. மேலயும் கீழயும் ரூமாவே இருக்கிற டெக்கா பார்த்து எடுங்க.

மாத்திரை வாந்தி வர்றதுக்கு முன்னாடி போடணும், வந்தப்புறம் போட்டா உள்ளயே நிக்காது. ஆனா பெரியவர் பிபி மாத்திரை போடறவர்னா நீங்களா எதுவும் கொடுக்காம அவரோட டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. காதுக்குப் பின்னாடி ஒட்டுற பேட்ச் பத்தி யாராவது சொல்வாங்க, வயசானவங்களுக்கு அதுல குழப்பம் வரும், சில வகை கண் அழுத்த நோய் இருந்தா ஆகவே ஆகாது. மத்தபடி வெளிய டெக்ல உட்கார்ந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பார்க்கச் சொல்லுங்க, இஞ்சி கைவசம் வச்சுக்கோங்க, வெறும் வயித்துல இருக்க விடாதீங்க.

மாமியாருக்கு ஒரு விஷயம், யாரும் சொல்லமாட்டாங்க. ரூம் பாத்ரூம் வாசல்ல ஒரு உயரமான வரம்பு இருக்கும், தண்ணி வெளிய வராம இருக்க. ராத்திரி தூக்கக் கலக்கத்துல அதுல இடிச்சு கால்விரல் வீங்கி வர்றவங்க நிறைய பேர். பாத்ரூம் லைட்டைப் போட்டு கதவை லேசா சாத்தி வைங்க. புக் பண்ணும்போதே முட்டி விஷயத்தைச் சொன்னா வரம்பு இல்லாத ரூம் இருக்கான்னு பார்ப்பாங்க, ஆனா அது கம்மியாத்தான் இருக்கும்.

கை கழுவுங்க. வாசல்ல இருக்கிற ஜெல்லை தடவிட்டு பஃபேக்கு ஓடறாங்க எல்லாரும், வாந்தி வயித்துப்போக்கு கொண்டு வர்ற நோரோ வைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான். ஒருத்தருக்கு வயித்தால போச்சுன்னா மறைக்காம மெடிக்கல்ல சொல்லிடுங்க, மறைச்சா நாலு நாள்ல அந்த காரிடாரே படுத்துரும், க்ளீன் பண்றது நாங்க. மெடிக்கல் சென்டர் இலவசம் இல்ல, அதனால இன்சூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் வைத்தியமும் ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போறதும் சேருமான்னு கேளுங்க.

மஸ்டர் ட்ரில்லை, அதாவது ஆபத்துன்னா எங்க போய்க் கூடணும்னு சொல்லித்தர்ற ஒத்திகையை, டபாய்க்காதீங்க. 2012 ஜனவரியில இத்தாலி பக்கம் கோஸ்டா கான்கார்டியாங்கிற குரூஸ் கப்பல் பாறையில மோதினப்ப அன்னிக்கு சாயங்காலம் ஏறினவங்களுக்கு ட்ரில்லே நடந்திருக்கல, அப்போ 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு விதி. 32 பேர் உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தணும்னு மாத்தினாங்க. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், அது கேட்டா எங்க போகணும்னு பையனுக்கும் தெரியணும், அவன் கிட்ஸ் கிளப்ல இருக்கும்போது அடிச்சா யார் எங்க கூட்டிட்டு வருவாங்கன்னு அங்க கேட்டு வச்சுக்கோங்க.

கடைசி ராத்திரி பெட்டியை வாசலுக்கு வெளிய வைக்கச் சொல்வாங்க, நாங்க ராத்திரியே கீழ கொண்டு போயிடுவோம். காலைல போட்டுக்க ஒரு செட் துணியும் செருப்பும் எடுத்து வச்சுட்டு பூட்டுங்க. எல்லாத்தையும் உள்ள போட்டு பூட்டிட்டு நைட் டிரஸ்லயே கப்பலை விட்டு இறங்கிப் போனவங்களை நான் குட்மார்னிங் சொல்லி அனுப்பி வச்சிருக்கேன்.

கடல்காகம்:
கீழ்டெக் அண்ணே, நைட் டிரஸ் மேட்டர் செம 😂 உப்புக்காத்து, சான்டோரினி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, முட்டி வலி இருக்கிறவங்களுக்கு நானும் பஸ் டூர்தான் சொல்வேன்.

புதுப்பயணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃப்ளைட்டை முதல் நாளுக்கு மாத்தியாச்சு, நடுவுல நாலாவது டெக்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரூம் ஹோல்டுல வச்சிருக்கேன், மேலயும் கீழயும் ரூம்தான், பார்த்துட்டேன். கடைசியா ஒண்ணு, கரைக்கு இறங்கும்போது போன் டைமைப் பார்க்கறதா கப்பல் டைமைப் பார்க்கறதா?

உப்புக்காத்து:
கப்பல் டைம், எப்பவும் கப்பல் டைம். கோடையில கிரீஸும் துருக்கியும் ஒரே நேரம்தான், அதனால உங்களுக்கு இந்த தடவை பிரச்சனை வராது, ஆனா ரூட்ல இத்தாலி ஏதாவது சேர்ந்தா ஒரு மணி நேரம் மாறும், போன் கரையைத் தொட்டதும் தானா மாத்திக்கும், கப்பல் மாத்தியிருக்கலாம் மாத்தாமலும் இருக்கலாம். மாமனாரை ஒரு சாதா கைக்கடிகாரம் கட்டிட்டு வரச் சொல்லுங்க, இறங்குற வாசல்ல ஆல் அபோர்டு டைம், அதாவது எல்லாரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய கடைசி நேரம், போர்டு வச்சிருப்பாங்க, அதை போட்டோ எடுத்துட்டு இறங்குங்க.