ஏறியது சுவிஸ், இறங்கியது இத்தாலி: மோந்தே ஜெனரோசோ அனுபவங்கள்

வடக்குவாசல் எழுதியது:

லுகானோ ஏரிக்கும் கோமோ ஏரிக்கும் நடுவில் நிற்கிறது மோந்தே ஜெனரோசோ. உயரம் 1701 மீட்டர். ஆல்ப்ஸ் கணக்கில் குட்டி மலைதான். ஆனால் லுகானோ ஏரி மட்டம் வெறும் 271 மீட்டர். அதனால் கரையிலிருந்து நடந்து ஏறினால் முழங்கால் நன்றாகவே பேசும். உச்சியின் மேலேயே சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லைக்கோடு போகிறது. பெரும்பாலானவர்கள் சுவிஸ் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் கபோலாகோவில் பல்சக்கர ரயிலில் ஏறி, மேலே காபி குடித்து, படம் எடுத்து, அதே ரயிலில் இறங்கிவிடுகிறார்கள். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியவர்கள் நம்மில் யாராவது இருந்தால் எழுதுங்களேன். முதலில் என் கதை.

ஜூன் தொடக்கம். நானும் அலுவலக நண்பர் ஒருவரும் சுவிஸ் பக்க ஊரான மெந்திரிசியோ ஸ்டேஷனில் இறங்கும்போது கடைகள்கூடத் திறக்கவில்லை. சலோரினோ, சொமாஸ்ஸோ என்று ஊர்கள் வழியாக ஏறி, பிறகு காட்டுக்குள் போய் பெல்லா விஸ்தாவில் (1221 மீட்டர்) வெளியே வர வேண்டும். காடு முழுக்க முதலில் செஸ்ட்நட், மேலே போகப் போக பீச் மரங்கள். நிழலுக்குக் குறைவில்லை. தண்ணீருக்குத்தான் குறை. மொத்த மலையும் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையைப் பூமி அப்படியே குடித்துவிடும், ஊற்று என்று ஒன்றைப் பார்ப்பதே அரிது. ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்கிப் போனோம், ஒரு சொட்டு மிச்சமில்லை.

அந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு இந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி எனக்கு மலையைவிடப் பிடித்தது. மாடு மேய்க்கும் குடிசைகளுக்குப் பக்கத்தில் உருண்டையாக, கல்லால் கட்டிய ஒரு அறை இருக்கும். பாதிக்கு மேல் தரைக்குள் புதைந்திருக்கும். பெயர் நெவேரா. குளிர்காலத்தில் பனியை உள்ளே போட்டு மிதித்து இறுக்கி, பீச் இலையால் மூடி வைப்பார்கள். கோடை முழுக்க அது கரையாமல் கிடக்கும். கறந்த பாலை அதன் மேல் வைத்துக் குளிரவைத்து வெண்ணெய் எடுப்பார்கள். ஒன்றின் கதவு திறந்திருந்தது. தலையை நீட்டினேன். சுவரோரமாகக் கற்படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகின்றன. இப்போது உள்ளே பனி இல்லை, ஈர இலை வாசனை மட்டும். ஆனாலும் வெளியில் வியர்த்து வந்தவனுக்கு முகத்தில் ஏசி அடித்த மாதிரிதான் இருந்தது.

மேலே ரயில் முடிகிற இடத்தில் எட்டு இதழ்க் கட்டடம் ஒன்று, ‘ஃபியோரே தி பியேத்ரா’. மெந்திரிசியோவிலேயே பிறந்த மாரியோ பொத்தா வடிவமைத்து 2017-இல் திறந்தது. சிலருக்கு அது அழகு, சிலருக்கு மலைத் தலையில் வைத்த கோட்டை. நான் இரண்டாவது கட்சி. ரயில் 1890-லிருந்து ஓடுகிறது. 1941-இல் அதை மூடிவிடும் நிலை வந்தபோது, மிக்ரோஸ் கடைகளைத் தொடங்கிய கோட்லீப் துட்வைலர் வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார். நாம் தக்காளி வாங்கும் அதே மிக்ரோஸ்தான்!

கட்டடத்திலிருந்து உச்சிக்கு ஒரு சின்ன ஏற்றம். மேகம் இல்லாத காலை என்பதால் மோந்தே ரோசா பனிமலை வெள்ளையாக, முழுசாக நின்றது. தெற்கே பார்த்தால் மலையே இல்லை, போ சமவெளி தட்டையாக விரிந்து கிடக்கிறது. எல்லையில் வேலியோ காவலோ கிடையாது. ஒரு எல்லைக்கல், அவ்வளவுதான். ஆனால் பாறைகளில் பெயின்டைப் பாருங்கள்: சுவிஸ் மலைப்பாதைக் குறி வெள்ளை-சிவப்பு-வெள்ளை. கிழக்கே இறங்கத் தொடங்கியதும் அது சிவப்பு-வெள்ளை-சிவப்பாகத் திரும்பிவிடுகிறது, நடுவில் கறுப்பில் பாதை எண். நாடு மாறியதற்கு எங்களுக்குக் கிடைத்த அறிவிப்பு அதுதான். அடுத்த அறிவிப்பு போனில் வந்தது, ரோமிங் கட்டணத்தோடு.

இத்தாலியப் பக்கம் சரிவு மெதுவானது, புல்வெளி, மாடுகள், காட்டுப் பியோனிப் பூக்கள். ஓரிமென்டோவில் (1275 மீட்டர்) பொலெந்தா ஊஞ்சா சாப்பிட்டோம்: சோளமாவுக் களி, மேலே உருக்கிய வெண்ணெய், பூண்டு, சேஜ் இலை, சீஸ். பசிக்கு அது அமிர்தம். பிறகு நடந்தே சான் ஃபெதேலே இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கோமோ ஏரிக்கரை ஆர்ஜென்யோ. காலையில் ஒரு ஏரி, மாலையில் இன்னொரு ஏரி. நடைப் பழக்கம் இருந்தால் எட்டு ஒன்பது மணி நேரம். இல்லையென்றால் பெல்லா விஸ்தா வரை ரயிலில் வந்து அங்கிருந்து தொடங்குங்கள். ரயில் ஆண்டு முழுக்க ஓடாது, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளவும்.

சோம்பேறிசங்கம் எழுதியது:

ரயில் இருக்கிற மலையில் நடந்து ஏறினவரைப் பார்த்தா பாவமா இருக்கு. பொலெந்தா படம் மட்டும் போடுங்க ப்ரோ.

மிலான்மாணவி எழுதியது:

அண்ணா, அருமையா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு சந்தேகம். நான் மிலான்ல முதுகலை படிக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். பெர்மெஸ்ஸோ கார்டு (இத்தாலில தங்குற அனுமதி) காலாவதி ஆகிடுச்சு, புதுப்பிக்க அப்ளை பண்ணி தபால் ஆபீஸ் ரசீது மட்டும் கையில இருக்கு. அந்த ரசீதை வெச்சு இத்தாலிக்குள்ள இருக்கலாம், நேரா இந்தியா போய்ட்டு வரலாம், ஆனா சுவிஸ் மாதிரி மத்த ஷெங்கன் நாடுகளுக்கு (எல்லையில பாஸ்போர்ட் சோதனை இல்லாத கூட்டு நாடுகள்) போகக் கூடாதுன்னு சொல்றாங்க. நாங்க நாலு பேர் ஓரிமென்டோ பக்கமிருந்து ஏறலாம்னு பிளான். உச்சி பாதி இத்தாலின்னா பிரச்சினை இல்லல்ல? அந்தப் பூக் கட்டடத்துல ஒரு காபி குடிச்சா யார் கேக்கப் போறா?

திச்சினோக்காரன் எழுதியது:

பிள்ளை, உங்கட கேள்வியைப் பார்க்க எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்திட்டுது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

நான் எண்பதுகளின்ர கடைசியில சுவிசுக்கு வந்தனான். என்-பெர்மிட், அகதியா விண்ணப்பிச்ச ஆக்களுக்குக் குடுக்கிற அட்டை. அசைலக் கேஸ் முடியும் மட்டும் நாட்டை விட்டு வெளியால போகேலாது. என்னை இத்தாலியன் கதைக்கிற திச்சினோ மாநிலத்தில விட்டவங்கள். பேர்ண், சூரிச் பக்கம் போன எங்கட சனத்துக்கு ஜேர்மன், எனக்கு இத்தாலியன் பாஷை. லுகானோவில ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவுற வேலை. என்னோட நிண்ட சமையல்காரர் எல்லாரும் இத்தாலியில இருந்து காலமை வந்து இரவு போறவை. ஃப்ரொந்தாலியேரி எண்டு சொல்லுவினம். இண்டைக்கும் திச்சினோவுக்கு அப்பிடிக் கிட்டத்தட்ட 80,000 பேர் வேலைக்கு வந்து போகினம்.

அதில ஒருத்தர் மலைக்கு இத்தாலிப் பக்கம் இருக்கிற இன்டெல்வி பள்ளத்தாக்கு ஆள். ரெஸ்ரோரண்ட் பூட்டுற நாளில என்னை ஜெனரோசோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இந்தப் பக்கத்தால ஏறினம். மேல போனவுடன அவர் கல்லைத் தாண்டி அங்கால பத்து அடி நடந்து போய் நிண்டுகொண்டு, கீழ கையைக் காட்டி, அந்தா என்ர வீடு, வா, அம்மா சமைச்சு வச்சிருக்கிறா எண்டார். அந்த மனுசனுக்கு விளங்கேல்லை. அவருக்கு அது மாட்டுத் தரவை. எனக்கு அது இத்தாலி. நான் கல்லில கையை வச்சுக்கொண்டு நிண்டன். ஒரு பக்கம் ‘எஸ்’ எண்டு வெட்டியிருந்தது, மற்றப் பக்கம் ‘ஐ’. ஒருத்தரும் காவலுக்கு இல்லை, சத்தியமா ஒரு குருவிகூட இல்லை. எண்டாலும் போகேல்லை. பிடிபட்டால் கேசுக்கு என்ன நடக்கும் எண்ட பயம் ஒண்டு. மற்றது, ஒரு எல்லையைக் களவாத் தாண்டி வந்தவனுக்கு இன்னொண்டை விளையாட்டாத் தாண்ட மனம் வராது. அவர் தனியப் போய், இரண்டு மணித்தியாலம் கழிச்சு ஒரு டப்பாவில சாப்பாடு கொண்டு வந்தார். முயல் இறைச்சியும் பொலெந்தாவும். கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்து சாப்பிட்டம்.

பிறகு கேஸ் சரிவந்து, கலியாணம் முடிச்சு, பிள்ளையள் பிறந்து, சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டும் கிடைச்சுது. 2008 டிசம்பரில சுவிஸ் ஷெங்கனுக்குள்ள வந்தாப் பிறகு ஆள் சோதனையும் எடுபட்டுப் போச்சு. மூத்தவளோட அதே பாதையால போய் அங்கால இறங்கினன். அவளுக்கு எல்லை எண்டதே தெரியேல்லை, போனைப் பார்த்துக்கொண்டு கடந்து போறாள். கூப்பிட்டு நிப்பாட்டி அந்தக் கல்லைக் காட்டினன். “சரி அப்பா, பசிக்குது” எண்டாள்.

அதால பிள்ளை, யார் கேக்கப் போறா எண்டு நினையாதேங்கோ. நூறில 99 தரம் ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆனால் கால் பிரண்டு ஹெலி வந்து தூக்கினால், முதல் கேள்வி பேப்பர்தான். உச்சி மட்டும் ஏறுங்கோ, கல்லுக்கு உங்கட பக்கமா இருந்து பாருங்கோ. ஏரி அங்கயிருந்தும் வடிவாத் தெரியும். காபியை ஓரிமென்டோவில குடியுங்கோ, மலிவும்கூட.

பழையதாள் எழுதியது:

திச்சினோ ஐயாவின் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

அந்தக் கோடு எப்போதும் இப்படித் திறந்து கிடக்கவில்லை என்பதற்காக இதைச் சேர்க்கிறேன். மிலான் ஆட்சிக்கும் சுவிஸ் கன்டோன்களுக்கும் (மாநிலங்களுக்கும்) நடுவே எல்லையை வரையறுத்தது 1752-இன் வரேசே ஒப்பந்தம். பின்னாளில் இத்தாலி கடத்தலைத் தடுக்க நீளமான கம்பிவலை வேலி போட்டு, அதில் சின்ன மணிகளைக் கட்டியது. யாராவது வலையைத் தொட்டால் மணி அடிக்கும். ஊர்க்காரர்கள் அதை ‘ராமீனா’ என்பார்கள். 1943 செப்டம்பர் 8-இல் இத்தாலி போர் நிறுத்தத்தை அறிவித்ததும் ஜெர்மன் படை வடக்கு இத்தாலியைப் பிடித்தது. யூதர்களும் படையை விட்டு ஓடிய சிப்பாய்களும் இந்த மலைகள் வழியாகத்தான் திச்சினோவுக்குள் வந்தார்கள். எல்லோரையும் உள்ளே விடவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு.

லுகானோ வருகிறவர்கள் காந்திரியாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுங்க அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டு வாருங்கள். ஏரியோரப் பழைய காவல் நிலையம் அது, படகில் போகலாம்.

மிலான்மாணவி எழுதியது:

போயிட்டு வந்துட்டேன். ஐயா சொன்ன மாதிரியே கல்லுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்தேன். கூட வந்த மூணு பேர்கிட்ட கார்டு இருந்துச்சு, அவங்க பூக் கட்டடத்துக்குப் போய் ஒரு காபிக்குக் குடுத்த காசைச் சொல்லிப் புலம்பிக்கிட்டே திரும்பி வந்தாங்க. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஆனா நான் எழுத வந்தது வேற. இறங்கும்போது ஓரிமென்டோல வெளியில போட்டிருந்த பெஞ்சுல ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வர்றேன்னு கேட்டார். சுவிஸ் பக்கம் போகலைன்னதும் ஏன்னு கேட்டார். காகிதம் சரியில்லைன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். “எனக்கும்தான் அன்னிக்கு இல்ல, ஆனா வாரத்துல பல ராத்திரி போவேன்”னார்!

அறுபதுகள்ல வாலிப வயசுல ஸ்பல்லோனேவா இருந்திருக்கார், அதாவது தோள்ல சரக்குத் தூக்கி எல்லை கடத்துறவர். சுவிஸ்ல சிகரெட் விலை கம்மி, அங்கிருந்து ராத்திரில மூட்டையா இந்தப் பக்கம் கொண்டு வருவாங்களாம். போர்க் காலத்துல அவரோட அப்பா தலைமுறை இங்கிருந்து அரிசி கொண்டு போயிருக்காங்க. மூட்டை பேரு ப்ரிகொல்லா. சணல் சாக்கைச் சதுரமா தைச்சு, அதே சாக்குத் துணில ரெண்டு தோள்பட்டை. சுமார் 30 கிலோ. காலுக்கு பூட்ஸ் கிடையாது, சத்தம் வரும்னு சாக்குத்துணிச் செருப்புதான். ஒரு காலை நீட்டி, கல்லு மேல எப்படி முதல்ல முன்பாதத்தை வெச்சு அப்புறம் எடையை இறக்கணும்னு செஞ்சே காட்டினார். இடுப்புல சின்ன அரிவாள் ஒண்ணு. காவலர் வந்தா தோள்பட்டையை அறுத்து மூட்டையைப் போட்டுட்டு ஓடணும். சரக்கு போனா நஷ்டம், ஆள் மாட்டினா ஜெயில்.

பயமா இருக்காதான்னு கேட்டேன். காவலரைவிட நனைஞ்ச இலைதான் பயம், வழுக்கிடும்னார். அப்புறம் இத்தாலியோட பழைய காசு லிரா மதிப்பு விழுந்தது, கடத்தலும் படுத்துடுச்சாம். அவர் பேரன் இப்ப தினமும் கார்ல மெந்திரிசியோவுக்கு வேலைக்குப் போறாராம். “அவன் டிராஃபிக்ல நிக்கிற நேரத்துல நான் போய்ட்டே வந்திருப்பேன்.”

வடக்குவாசல் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தாத்தாவுக்கு முன்னால் என் நெவேரா ஒன்றுமில்லை. போகப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள் மட்டும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம், உச்சியை முன்பகலிலேயே தாண்டிவிடுங்கள். முகட்டில் ஒதுங்க இடமில்லை. அவசர எண் இரண்டு பக்கமும் 112, சுவிஸ் பக்கம் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்து ரோமிங்கை அணைத்துவிடுங்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் கணக்கில் வராது, இத்தாலி சிம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். சான் ஃபெதேலே பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவு. முஜ்ஜோ பள்ளத்தாக்கு மிளகு சீஸ், ஜின்கார்லின், கிடைத்தால் விடாதீர்கள். முதல் வாய்க்கு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

திச்சினோக்காரன் எழுதியது:

திரும்பிக் கோமோவால சுவிஸ் எல்லை ஊர் கியாஸ்ஸோ வாறாக்கள் இறைச்சி வாங்கினால் ஆளுக்கு ஒரு கிலோ மட்டும்தான் வரியில்லாமல் விடுவினம். ஆள் சோதனை இல்லாட்டியும் சாமான் சோதனை இப்பவும் இருக்கு. 2025-ல இருந்து மொத்தச் சாமானுக்கும் 150 பிராங்தான், முந்தி 300 இருந்தது.

மிலான் பிள்ளை, புதுக் கார்ட் வந்தவுடன எழுதுங்கோ. மெந்திரிசியோ ஸ்டேசனுக்கு நானும் மனுசியும் வாறம், இந்தப் பக்கத்தால ஏறுவம். சனிக்கிழமை எண்டால் நல்லம், ஞாயிறு எனக்கு வேலை.