ஜன்னல் கண்ணாடியை விடாம கொத்துற சோலைக்கிளி, உதவி வேணும்

கோத்தகிரி பக்கம் சோலைக்காட்டு ஓரத்துல எங்க வீடு, பின்னாடியே ஓடை. மூணு வாரமா ஒரு நீலகிரி சோலைக்கிளி ஜன்னல் கண்ணாடில தெரியுற தன் உருவத்தையே எதிரின்னு நெனச்சு மோதிக்கிட்டே இருக்கு. கிளின்னு பேரே தவிர பச்சைக்கிளி இல்லங்க, சிட்டுக்குருவிய விட கொஞ்சம் பெருசு, மேல கருநீலம், வயித்தோரம் செங்காவி, பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க இருக்குற மலைகள்ல மட்டும்தான் உண்டு, அழியும் ஆபத்துல இருக்குற பறவை, அதான் மனசு கெடந்து அடிச்சுக்குது.

காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டு வரைக்கும், திரும்ப சாயங்காலம். நேத்து கண்ணாடில லேசா ரத்தக்கறை பார்த்தேன். இப்போ ஏப்ரல், கூடு கட்டுற நேரம், ஓடைக்கரை பொந்துல கூடு இருக்கும்னு நெனைக்கிறேன், கிட்ட போய் பாக்கல, பயந்து விட்டுட்டு போயிட்டா என்ன பண்றது.

உள்ள திரை போட்டேன், உருவம் இன்னும் பளிச்சுனு தெரிஞ்சு மோசமாயிடுச்சு. பருந்து ஸ்டிக்கர் ஒட்டினேன், கண்டுக்கவே இல்ல. வெளிய நியூஸ்பேப்பர் ஒட்டினப்போ ரெண்டு நாள் நின்னுச்சு, அப்புறம் மூடுபனில நனஞ்சு கிழிஞ்சு போச்சு, அது அடுத்த ஜன்னலுக்கு போயிடுச்சு. பைக் கண்ணாடிக்கு பழைய சாக்ஸ் மாட்டியாச்சு, அங்க வரதில்ல. மொத்தம் ஆறு ஜன்னல். வலை கட்டலாம்னாங்க, கால் சிக்கிடும்னு வேணாம்னுட்டேன்.

பனி மழை தாங்கி, வெளிப்பக்கம் பிரதிபலிப்பு தெரியாம, ஜூன் முடியுற வரைக்கும் நிக்குற மாதிரி கண்ணாடி மேல என்ன பூசலாம் இல்ல ஒட்டலாம்?