அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தேர்தல் சட்டம்: கோக்கும் டெல்டாவும் இதில் ஏன் வாய் திறந்தன?

புதுசா_வந்தவன்
அட்லாண்டாவுக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. போன வாரம் ஆபீஸில் சாப்பிடும்போது 2021 தேர்தல் சட்டம் பற்றிப் பேச்சு வந்தது. வரிசையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுத்தால் குற்றம் என்றார் ஒருவர், சுத்தப் புரளி என்றார் இன்னொருவர், மூன்றாமவர் சட்டத்தை விட்டுவிட்டு கோக்கையும் டெல்டாவையும் திட்ட ஆரம்பித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அந்தச் சட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? குளிர்பானக் கம்பெனிக்கும் விமானக் கம்பெனிக்கும் அங்கே என்ன வேலை? அவர்கள் பேசி ஏதாவது மாறியதா?

பீச்ட்ரீ_பழசு
தண்ணீர் விஷயம் புரளி இல்லை. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள், அல்லது வரிசையில் நிற்கும் எந்த வாக்காளரிடமிருந்தும் 25 அடிக்குள், யாரும் உணவோ தண்ணீரோ கொடுக்கக்கூடாது என்றது 2021 சட்டம். தேர்தல் ஊழியர்கள் ஆள் இல்லாமல் ஒரு தண்ணீர் கேனை வைக்கலாம், வேண்டியவர் பிடித்துக் குடிக்கலாம். ஊர் முழுக்க இதைத்தான் பேசியது, ஆனால் என்னைக் கேட்டால் அந்த 98 பக்கத்தில் கவலைப்பட வேண்டியது வேறு.

பின்னணி தெரியாமல் புரியாது. 2020 இல் பைடன் இங்கே 11,779 ஓட்டில் ஜெயித்தார். 2021 ஜனவரி 5 அன்று இரண்டு செனட் இடமும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 25 அன்று குடியரசுக் கட்சி கவர்னர் கெம்ப் இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தபால் ஓட்டுக்கு 180 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது 78 நாளானது, கடைசி நாளும் தேர்தலுக்கு 11 நாள் முன்பாக வந்துவிட்டது. கையெழுத்தை ஒப்பிடுவதற்குப் பதில் லைசென்ஸ் எண். டிராப் பாக்ஸ் (தபால் ஓட்டைப் போடும் பெட்டி) இனி கட்டடத்துக்குள், முன்கூட்டியே வாக்களிக்கும் நேரத்தில் மட்டும். (2020 க்கு முன்னால் இங்கே டிராப் பாக்ஸே கிடையாது, கோவிட் அவசர விதியில் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை வாக்களிப்பும் இந்தச் சட்டத்தில் கூடியது.) என் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டு விஷயம்: மாநிலத் தேர்தல் வாரியம் ஒரு கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் நிர்வாகத்தையே தற்காலிகமாகப் பறித்துக்கொள்ளலாம், ஒரே ஆள் எத்தனை ஆயிரம் வாக்காளர்களின் தகுதியை வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.

இப்போது கம்பெனிகள். இரண்டுக்கும் தலைமையகம் அட்லாண்டாதான், ஊழியர்களிலும் வாடிக்கையாளர்களிலும் கறுப்பினத்தவர் ஏராளம். மசோதா சபையில் இருந்தவரை பூசி மெழுகினார்கள். டெல்டா ஆரம்பத்தில் விட்ட அறிக்கை கிட்டத்தட்டப் பாராட்டு மாதிரியே இருந்தது. மார்ச் 31 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் முன்னாள் தலைவர் கென் செனால்ட், மெர்க் மருந்துக் கம்பெனியின் கென் ஃப்ரேசியர் முன்னின்று 72 கறுப்பின நிர்வாகிகள் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். அன்றைக்கே டெல்டாவின் எட் பாஸ்டியன் ஏற்கவே முடியாத சட்டம் என்று ஊழியர்களுக்கு எழுதினார், கோக்கின் ஜேம்ஸ் குவின்சி டிவியில் அதையே சொன்னார். ஆறு நாள் தாமதம்! கையெழுத்தின் மை காய்ந்த பிறகு வரும் கோபத்துக்கு என்ன மதிப்பு? முந்தின வாரம் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வரியாவது மாறியிருக்கலாம்.

சும்மா_சொல்றேன்
முந்தின வாரமும் வேண்டாம், பிந்தின வாரமும் வேண்டாம். ஓட்டுச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல கோக்கை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இன்றைக்கு உங்களுக்குப் பிடித்த பக்கம் பேசினார்கள், கை தட்டுகிறீர்கள், நாளைக்கு எதிர்ப்பக்கம் பேசினால்?

பீச்ட்ரீ_பழசு
நான் எங்கே கை தட்டினேன்? ஆனால் கம்பெனி பேசக்கூடாது என்பவர்கள் கம்பெனியின் பணம் வேண்டாம் என்று சொல்வதில்லையே. அப்போது செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், கார்ப்பரேட்கள் அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்கட்டும் என்றார், கூடவே தேர்தல் நன்கொடையைச் சொல்லவில்லை என்றும் விளக்கம் கொடுத்தார். இங்கே கீழ்சபை அதே மார்ச் 31 அன்று டெல்டாவின் விமான எரிபொருள் வரிச்சலுகையை ரத்து செய்ய ஓட்டுப் போட்டது. கையைக் கடிக்கிற நாய்க்குச் சோறு போட மாட்டோம் என்கிற மாதிரி சபாநாயகர் ரால்ஸ்டன் பேசினார். மேல்சபை அதை எடுக்காமலேயே கூட்டத்தொடர் முடிந்தது, சலுகை பிழைத்தது. எட்டு எம்எல்ஏக்கள் தங்கள் ஆபீஸிலிருந்து கோக்கை அப்புறப்படுத்தச் சொல்லிக் கடிதமும் எழுதினார்கள்.

மாமியார்_டிரைவர்
சட்டப் பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாமியாருக்கு 74 வயது, குடியுரிமை உண்டு, வண்டி ஓட்ட மாட்டார், லைசென்ஸ் கிடையாது. 2020 இல் தபால் ஓட்டு ஒரு கையெழுத்தோடு முடிந்தது. 2022 இல் அடையாள எண் கேட்டபோது பாஸ்போர்ட்டை நகலெடுத்து வைக்க வேண்டியதாயிற்று, வீட்டுப் பிரிண்டரில் இங்க் இல்லை, நூலகத்துக்கு ஓடினேன். இது ஒன்றும் உலக மகா கஷ்டம் இல்லை, கார் இருக்கிற மருமகன் இருந்ததால்.

கஷ்டம் ரன்ஆஃபில்தான் (யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு இல்லையென்றால் நடக்கும் இரண்டாம் சுற்று). முன்பு ஒன்பது வாரம் இடைவெளி, இப்போது நாலே வாரம், நடுவில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை. தபாலை நம்ப முடியாது என்று நேரில் கூட்டிப்போனேன். ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். நுழைவாயில் ஓரம் ஒரு மேசை, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் கேன், காகிதக் குவளை அடுக்கு, பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடுமோ என்று மாமியார் அந்தப் பக்கமே போகவில்லை. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், பிறகுதான் 25 அடி ஞாபகம் வந்தது! (நானும் அதே வரிசையில் நின்ற வாக்காளன்தான், யாரும் பிடிக்கவில்லை.)

அப்புறம், பேஸ்பால் ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே?

பீச்ட்ரீ_பழசு
ஆமாம், விட்டுப்போச்சு. ஏப்ரல் 2 அன்று பேஸ்பால் லீக் அந்த வருட ஆல்-ஸ்டார் ஆட்டத்தை இங்குள்ள ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்திலிருந்து எடுத்தது, நாலு நாள் கழித்து டென்வருக்குக் கொடுத்தது. அடி விழுந்தது சட்டம் போட்டவர்களுக்கு இல்லை, இங்கே ஹோட்டல்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும். சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸே ஆட்டம் போனது வருத்தம் என்றார். கெம்ப் அதையே பிரசாரமாக்கி 2022 கவர்னர் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் முன்கூட்டியே வாக்களித்தவர்கள் எண்ணிக்கை அதிகம், பாருங்கள் ஒன்றும் ஆகவில்லை என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரம் நின்றும் ஓட்டுப் போட்டார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

புதுசா_வந்தவன்
நன்றி அண்ணா. ஆனால் போன 2025 ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டம் இங்கேதானே நடந்தது? அதற்குள் சட்டம் மாறிவிட்டதா?

பீச்ட்ரீ_பழசு
எங்கே மாறியது? 2023 இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, 150 அடிக்கு வெளியே தண்ணீர் கொடுப்பவரைத் தண்டிக்க வேண்டாம் என்று தடை போட்டார். 2021 இல் பைடன் அரசின் நீதித்துறை இந்தச் சட்டத்துக்கு எதிராகப் போட்ட வழக்கை 2025 மார்ச்சில் டிரம்பின் புது நிர்வாகம் வாபஸ் வாங்கியது. மற்றபடி பெரும்பாலும் அதே சட்டம், அதே மைதானம். கோக், டெல்டா பக்கமிருந்து இந்த முறை ஒரு முணுமுணுப்புகூட என் காதில் விழவில்லை.