மறு: துவக்கின் ‘ஸ்டொக்’ மாற்றுதல்: சொற்கள் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

கனடாவில் இலக்குச் சூடு பழகும் மச்சானுக்காகத் தம்பி தமிழாக்கும் கையேட்டுக்கு வந்த சொற்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். சில நல்லவை. சிலவற்றைத் திருகோணமலையில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

> ஸ்டொக் = தண்டு, கட்டை

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். குழலைத் தாங்கி, தோளில் அணைத்துப் பிடிக்கும் அந்த உடற்பகுதி எங்கள் பக்கம் ‘சோங்கு’. “துவக்குச் சோங்கால் இடித்தான்” என்று எத்தனை செய்திகளில் வாசித்திருப்போம்! அந்த வசனத்தில் வருவது தோளில் முட்டும் பின்பகுதி மட்டும்தானே என்று சென்னை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. சரி, முழுவதும் சோங்கு, குழலைத் தாங்கும் பகுதி முன்சோங்கு, தோளில் படும் பகுதி சோங்கடி என்று பிரித்துவிடலாம்.

> ஆப்டர்மார்க்கெட் = பின்சந்தை

இங்கே பின்சந்தை என்றால் மீன்சந்தைக்குப் பின்பக்கம் என்றுதான் விளங்கும். ‘மாற்றுச் சோங்கு’வும் போதாது, துவக்கைச் செய்த நிறுவனமே விற்கும் உதிரியும் மாற்றுத்தானே. வேறொருவர் செய்தது என்பதுதான் இதில் கரு. என் வாக்கு ‘பிறர்தயாரிப்பு’க்கு. ரெமிங்டன் 700 என்ற துவக்கு வந்தது 1962இல். அதற்குச் சோங்கு செய்து விற்கும் பிற நிறுவனங்கள் ஏராளம். ஆனால் பெட்டியில் ‘700’ என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது. பொறி, அதாவது குண்டை ஏற்றி வெடிக்கவைக்கும் பகுதி, குறும்பொறியா நெடும்பொறியா, வலக்கையா இடக்கையா, குழல் மெல்லியதா தடித்ததா என்று பார்க்க வேண்டும். தம்பி, கலைச்சொல் எதுவாக இருந்தாலும் இந்த வரியைக் கையேட்டின் தொடக்கத்திலேயே போடும்.

> பெடிங் = படுக்கை

இதற்குத்தான் இந்த மடலே எழுத உட்கார்ந்தேன். பொறியின் அடிப்பாகமும் சோங்கின் குடைவும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் பொறி மயிரிழை நகரும், குண்டு போய்ப்படும் இடமும் மாறும். அந்த இடைவெளியை எப்பொக்சிப் பிசினால் நிரப்பி, பொறியை அதில் வைத்து இறுகவிடுவதுதான் பெடிங். இங்கே எதுவும் படுக்கவில்லை. கல்லையோ தூணையோ ஆடாமல் வைப்பதை ‘இருத்துதல்’ என்கிறோம், வேலை நன்றாக அமைந்தால் “வடிவாய் இருந்திட்டுது” என்கிறோம். ஆகவே செயல் ‘இருத்தீடு’, பூசும் பிசின் ‘இருத்துபிசின்’. திருகாணி போகும் துளையில் உலோகக் குழாய் வைத்துச் செய்வதைத் ‘தூண் இருத்தீடு’ எனலாம்.

பைபர் போட் ஒட்டும் பிசினை இதற்குப் பாவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வள்ளத்துக்குப் பெரும்பாலும் பூசுவது பொலியெஸ்ரர். அது இறுகும்போது எப்பொக்சியைவிடக் கூடச் சுருங்கும், கஷ்டப்பட்டு மூடிய இடைவெளி திரும்பவும் வந்துவிடும். எந்தப் பிசின் என்றாலும் உலோகத்தில் முதலில் மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் பொறியும் சோங்கும் ஒட்டிப் பிறகு கழற்றவே முடியாது.

> ஃப்ரீ ஃப்ளோட் = மிதக்கும் குழல்

‘தொடாக்குழல்’ என்றால் வேலை முடிந்தது. குழல் முன்சோங்கைத் தொடவில்லை என்பதுதான் பொருள். காரணத்தையும் ஒரு வரியில் எழுதலாம். மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் வற்றும். கச்சான் காற்றிலும் மாரி மழையிலும் எங்கள் கதவுகள் படும் பாட்டைப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஊதிய மரம் குழலை ஒரு பக்கம் நெருக்கினால் குறி தப்பும். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, குழலுக்கும் முன்சோங்குக்கும் இடையே ஒரு கடதாசியைச் செருகிப் பொறிவரை இழுத்துப் பார்ப்பார்கள். தடையில்லாமல் போனால் தொடாக்குழல்.

> கோம்ப் = சீப்பு

யார் எழுதியது இது? கன்னம் படும் மேற்பகுதி அது, ‘கன்னமேடு’.

> லெங்த் ஒஃப் புல் = இழுப்பு நீளம்

சுடும்போது விரலால் விசையை இழுக்கும் பாரத்தோடு குழம்பும். விசையிலிருந்து சோங்கடி முனைவரை உள்ள தூரம்தான் இது, கடைச் சோங்குகளில் பொதுவாக 13.5 அங்குலத்தை ஒட்டி வரும். ‘தோளளவு’ என்று முன்மொழிகிறேன்.

உவர்மலையிலிருந்து.

---

மறு: மறு: துவக்கின் ‘ஸ்டொக்’ மாற்றுதல்: சொற்கள் தேவை

அண்ணை, இருத்தீடும் தொடாக்குழலும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தோளளவு மட்டும் சரிவராது. இங்கே மூதூரில் எந்தத் தையற்கடைக்குப் போனாலும் அது சட்டையின் அளவு. ‘விசைத்தூரம்’ என்று போடவா?

இன்னொன்று. திருகாணி இறுக்குவதற்கு அலுமினியக் கட்டை பதித்த சோங்குகளில் 65 அங்குல-இறாத்தல் என்று வருகிறது. வெறும் மரம் அந்த இறுக்கத்துக்கு நசுங்கும் என்பதால் மரத்துக்குத் தனிக் குறிப்பு எழுதுகிறேன். இந்த இறுக்க அளவைச் சொல்லும் ‘டோர்க்’கிற்கு முறுக்குவிசை போதும்தானே? அதற்கும் யாராவது சண்டைக்கு வருவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். சனிக்கிழமை மச்சானுக்கு அனுப்பிவிடுவேன்.