நாசரேத்து வீட்டுக் குழு: ஆலயத்துக்குள் பந்தி

எஸ்தர் (நியூயார்க்), மாலை 6:10
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று கிரேஸ் அத்தை மூன்று முறை கேட்டும் நான் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். மன்ஹாட்டனில் ஒன்பதாம் அவென்யூவும் 28ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலுள்ள பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அது எப்பிஸ்கோப்பல் சபை, அதாவது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை. என் ஞானஸ்நானச் சான்றையும் திடப்படுத்தல் சான்றையும் காட்டியபோது, நம் தென்னிந்தியத் திருச்சபையோடு தங்களுக்கு முழு ஐக்கியம் உண்டு என்று சொல்லி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறேன், புதன்கிழமைகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு மதிய உணவு பரிமாறப் போகிறேன். இரண்டும் ஒரே கூடத்தில்தான் நடக்கின்றன.

கிரேஸ் அத்தை, மாலை 6:24
ஸ்தோத்திரம் மகளே. நல்ல ஆலயம் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒரே கூடம் என்று எழுதியிருக்கிறாயே, அது ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தைச் சொல்கிறாயா, அல்லது ஆராதனை நடக்கும் ஆலயத்தின் உள்ளேயா?

எஸ்தர், மாலை 6:31
உள்ளேதான் அத்தை. ஞாயிறு அன்று நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருவிருந்தின் அப்பமும் இரசமும் பெறும் அதே தரையில், வார நாட்களில் மேசைகளை விரித்துச் சோறு போடுகிறோம். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரை ஒட்டி வருவார்கள். பெயர் கேட்பதில்லை, அடையாள அட்டை கேட்பதில்லை, எந்த மதம் என்றும் கேட்பதில்லை. வரிசையில் வந்து தட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கிரேஸ் அத்தை, மாலை 6:45
பசித்தவனுக்குச் சோறு போடுவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் ஆலய விருந்தான அசனத்துக்கு நாற்பது வருடமாக வெங்காயம் உரித்தவள் நான். ஆனால் அசனத்தை ஆலய வளாகத்தில் பந்தல் போட்டுத்தான் வைக்கிறோம், உள்ளே இலை போட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு இட்டுக்கொண்டு நுழைகிற இடத்தில் குழம்பு சிந்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு என்ன எழுதினார்? “புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?” என்றுதானே கேட்டார்.

டேவிட் (சென்னை), மாலை 6:52
அத்தை வேதவசனத்தோடு களத்தில் இறங்கிவிட்டார்கள். எஸ்தர் அக்கா, இனி கவனமாகப் பதில் எழுதுங்கள்.

எஸ்தர், மாலை 7:05
அத்தை, அந்தக் கேள்வியை எங்கள் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டால், பலர் “இல்லை” என்றுதான் பதில் சொல்வார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வீடு இல்லை. இரவில் காப்பகத்தில் படுக்கிறவர்களும் ரயில் நிலையத்தில் படுக்கிறவர்களும் உண்டு. வாடகை கொடுத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாமல், வேலைக்குப் போகும் உடையிலேயே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன்.

சாமுவேல் பெரியப்பா, மாலை 7:20
கிரேஸ், வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாய். 1 கொரிந்தியர் 11:22 அதோடு முடியவில்லை. “தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று அடுத்த கேள்வி இருக்கிறது. கொரிந்து சபையில் நடந்த தவறு, ஆலயத்துக்குள் சாப்பிட்டது அன்று. அவர்களுக்கு அப்போது தனி ஆலயமே கிடையாது, வீடுகளில்தான் கூடினார்கள். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட, ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே அப்போஸ்தலரின் கோபத்துக்குக் காரணம். முப்பத்தைந்து வருடம் பிரசங்க பீடத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வசனத்தை எஸ்தருக்கு எதிராக நிறுத்த முடியாது. ஆனாலும் உன் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது.

கிரேஸ் அத்தை, மாலை 7:26
சரி அண்ணன், வசனத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அவ்வளவு பெரிய ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்ற கேள்வியை விடமாட்டேன்.

எஸ்தர், இரவு 8:02
அதற்கு ஆலயத்தின் கதையைச் சொல்ல வேண்டும், சற்று நீளமாக இருக்கும். ஹட்சன் ஆற்றுத் துறையில் கூலி வேலை செய்த குடியேறிகளுக்காக 1844இல் இந்தச் சபை தொடங்கியது. 1845 முதல் 1848 வரை ஆலயத்தைக் கட்டினார்கள். மினார்ட் லஃபீவர் என்பவர் அதற்கு வரைபடம் போட்டார். 1858இல் இருபுறமும் பக்கக் கூடங்களைச் சேர்த்துக் கட்டிய பிறகு அது சிலுவை வடிவம் பெற்றது. ஜன்னல்கள் வில்லியம் ஜே போல்டனின் கைவேலை. ஒவ்வொன்றிலும் வட்டமான சிறு சித்திரத்துக்குள் ஒரு வேதாகமக் காட்சி இருக்கும். 1982இல் உணவுக்கூடத்தை ஆரம்பித்தபோது முதல் நாளில் வந்தவர்கள் சுமார் முப்பத்தைந்து பேர்தானாம். அப்போது சபையே ஆள் குறைந்து, ஆலயத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்தது. அன்றைக்கு அத்தை கேட்டபடி பக்கத்துக் கட்டடத்தில்தான் பரிமாறினார்கள்.

எஸ்தர், இரவு 8:09
1990 ஏப்ரலில் ஆலயம் தீப்பிடித்தது. கூரை எரிந்து விழுந்தது, ஜன்னல்களில் சில அழிந்துபோயின. அவ்வளவு நடந்த பிறகும் மறுநாள் உணவு வழங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை. நான்கு வருடம் பாடுபட்டு 1994இல் ஆலயத்தை மறுபடியும் திறந்தபோது, பெஞ்சுகளைத் தரையோடு பொருத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். கூடம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது, வெளியே வரிசையோ தெருவைச் சுற்றி வளைந்துகொண்டிருந்தது. அப்படித்தான் பந்தி உள்ளே வந்தது. முதலில் கொள்கை வகுத்து, பிறகு சோறு போட்டதாக நினைக்காதீர்கள். பழைய தட்டுமுட்டு எல்லாம் தீயில் போனபோது கிடைத்த இடத்தை அவர்கள் காலியாக விட மனமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

லீலா சித்தி, இரவு 8:30
எல்லாவற்றையும் வாசித்தேன். ஆராதனை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. இங்கே நாம் பழக்கப்பட்ட ஒழுங்கு அங்கேயும் உண்டா, அல்லது கைத்தட்டிப் பாடுகிற கூட்டமா?

எஸ்தர், இரவு 8:41
ஒழுங்கு நம்முடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும் சித்தி. 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். ஞாயிறுதோறும் திருவிருந்து உண்டு. நம் ஊரில் அங்கியின் நிறம் மாறுவதுபோல அங்கேயும் லெந்து என்ற தபசு நாட்களில் ஊதா, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு என்று மாறும். பெரிய வியாழன் இரவு ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். அது முடிந்ததும் ஆல்டர் என்ற திருவிருந்து மேசை மேல் இருக்கும் துணி, மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஒன்றும் பேசாமல் கலைந்து போவார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவு நம் வீடு இருந்த விதம் நினைவுக்கு வந்துவிட்டது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தைய இரவு இருட்டிலே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

எஸ்தர், இரவு 8:47
அந்த இரவில் எல்லோரும் ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறோம். எல்லா மனிதரிடத்திலும் கிறிஸ்துவைத் தேடி அவருக்கு ஊழியம் செய்வாயா என்று குருவானவர் கேட்க, தேவனுடைய உதவியினால் செய்வேன் என்று சபை பதில் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் கூடத்தில் நடப்பதை நினைத்துக்கொண்டு பதில் சொல்லும்போது நாக்கு சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

டேவிட், இரவு 8:55
அமெரிக்காவில், லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று ரயில் நிலைய வாசலிலேயே குருவானவர்கள் நின்று, அவசரமாக ஓடுகிறவர்களின் நெற்றியில் சாம்பல் இடும் காணொளியைப் பார்த்திருக்கிறேன். அதுவும் எப்பிஸ்கோப்பல் சபையாரின் வேலைதானா?

எஸ்தர், இரவு 8:58
ஆமாம், பல சபைகள் அப்படிச் செய்கின்றன. எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. பாவ அறிக்கையும் ஐம்பத்தோராம் சங்கீதமும் இல்லாமல் சாம்பலை மட்டும் வாங்கிக்கொண்டு ரயிலேறுவது பாதிச் சாப்பாடுபோலத் தெரிகிறது. இரட்டை வேலை பார்த்து ஆலயத்துக்கு வர முடியாத செவிலியர்கள் அதைத் தேடி வருவதாகச் சொல்கிறவர்களும் உண்டு.

கிரேஸ் அத்தை, இரவு 9:04
பார்த்தாயா, உனக்கே ஓர் இடத்தில் எல்லை இருக்கிறது. எனக்கும் அதுபோல ஓர் எல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொள்.

எஸ்தர், இரவு 9:06
ஒப்புக்கொள்கிறேன் அத்தை.

லீலா சித்தி, இரவு 9:15
ஆராதனை நடுவில் அமெரிக்கர்கள் எழுந்து நடந்து, கண்டவர்களோடெல்லாம் கை குலுக்குவார்களாமே. நம் பக்கத்து வீட்டு அம்மா மகனைப் பார்க்கப் போய்விட்டு வந்து, அந்தச் சத்தத்தில் பக்தியே போய்விட்டது என்று குறைப்பட்டார்கள்.

சாமுவேல் பெரியப்பா, இரவு 9:32
அந்தக் குறையை அமெரிக்கர்கள்மேல் போடாதீர்கள், அதில் நமக்கும் பங்கு உண்டு. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950இல் நமக்கென்று புதிய திருவிருந்து ஆராதனை முறை வெளிவந்தது. மேல்நாட்டுச் சபைகளில் பெரும்பாலும் சொல்லாக மட்டும் சுருங்கிப்போயிருந்த சமாதான வாழ்த்தை, கேரளத்துச் சிரியன் சபையாரின் வழக்கத்தைப் பார்த்து, கைக்குள் கை வைத்து ஒருவருக்கொருவர் கொடுக்கும் செயலாக அதில் மீண்டும் கொண்டுவந்தார்கள். அதை உலகெங்கும் வழிபாட்டு அறிஞர்கள் கவனித்தார்கள். பிற்பாடு பல நாடுகளில் ஜெபப் புத்தகங்களைத் திருத்தியபோது நம் முறையும் முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது. நாம் குவித்த கைக்குள் வாங்கி அமைதியாகக் கொடுப்பதை, அவர்கள் ஆலயத்தைச் சுற்றிவந்து கொடுக்கிறார்கள். சத்தம் மட்டும்தான் அவர்களுடையது.

லீலா சித்தி, இரவு 9:36
இது எனக்குப் புதிய செய்தி. அந்த அம்மாவிடம் நாளைக் காலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேவிட், இரவு 9:40
எனக்குக் கணக்கில்தான் சந்தேகம். தினமும் ஆயிரம் பேருக்குச் சோறு என்றால் காணிக்கைப் பை தாங்குமா? நம் சேகரத்தில் மாதம் ஒரு நாள் மருத்துவமனை வாசலில் நூறு பொட்டலம் கொடுப்பதற்கே கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள்.

எஸ்தர், இரவு 9:52
தாங்காது. சபை சிறியது. தனியார் நன்கொடை, அறக்கட்டளைகளின் உதவி, அரசு உதவி எல்லாம் சேர்ந்துதான் நடக்கிறது. பரிமாற வருகிறவர்களிலும் எல்லோரும் விசுவாசிகள் இல்லை. என் அருகில் நின்று பழம் கொடுக்கிறவர் யூதர், அவருக்கு எதிரே நிற்பவர் தமக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கமிட்டி அங்கேயும் உண்டு, வெஸ்ட்ரி என்று பெயர். சபையார் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள், பேச்சும் நீளமாகத்தான் போகிறது.

கிரேஸ் அத்தை, இரவு 10:05
ஒன்று மட்டும் சொல். திருவிருந்தில் அப்பத்தின் துணுக்கு கீழே விழுந்துவிடக் கூடாது என்று எங்கள் அம்மா இரண்டு கையையும் குவித்து ஏந்துவார்கள். அந்தத் தரையில் மறுநாள் சோற்றுப் பருக்கை கிடக்கும்போது உனக்கு உறுத்தவில்லையா?

எஸ்தர், இரவு 10:21
முதல் நாள் உறுத்தியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மீந்திருக்கும் அப்பத்தையும் இரசத்தையும் பயபக்தியோடு உட்கொண்டுவிடுகிறார்கள், ஒரு துணுக்கும் வீணாவதில்லை. ஆனால் முதல் புதன்கிழமை நான் பார்த்தது வேறு. ஒரு வயதானவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மேசைமேல் சிந்திய ரொட்டித் துணுக்குகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆச்சி கை குவித்த விதம்தான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவருக்கு மேலே இருந்த ஜன்னலைக்கூட நான் அன்று பார்க்கவில்லை.

சாமுவேல் பெரியப்பா, இரவு 10:25
ஆமென்.

கிரேஸ் அத்தை, இரவு 10:33
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஆலயத்துக்குள் பந்தி போடலாம் என்று யாராவது சொன்னால் கமிட்டிக் கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்பவள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் உன் ஆலயத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. சாப்பாடு நடக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு.

எஸ்தர், இரவு 10:38
சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்க மாட்டேன் அத்தை. அவர்கள் எங்கள் விருந்தாளிகள். நம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது நாம் படம் எடுப்போமா? பந்தி தொடங்குமுன் மேசை போட்டு வைத்திருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

*[படம்]*

லீலா சித்தி, இரவு 10:44
எவ்வளவு உயரமான கூரை! ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழுவது அழகாக இருக்கிறது.

கிரேஸ் அத்தை, இரவு 10:49
முன்வரிசையில் இரண்டாவது மேசையின் காலுக்கு அடியில் மடித்து ஏதோ வைத்திருக்கிறார்களே, அது என்ன?

எஸ்தர், இரவு 10:51
அந்த மேசை ஆடும் அத்தை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முறை அச்சிட்ட தாளை நான்காக மடித்து வைத்தேன்.

கிரேஸ் அத்தை, இரவு 10:52
ஆராதனைத் தாளையா?

கிரேஸ் அத்தை, இரவு 10:53
அடுத்த புதன்கிழமை போகும்போது வீட்டிலிருந்து கெட்டி அட்டை ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டு போ.