கொலோகேஷன்: ‘இணைமரபு’ எனலாமா?

வணக்கம் ஐயா,

அகராதியில் ‘கொலோகேஷன்’ (collocation) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் முன்வைத்த ‘சொற்சேர்க்கை’யில் எனக்கு ஒரே ஒரு சிக்கல்தான்: எந்த இரண்டு சொல் சேர்ந்தாலும் அது சேர்க்கைதானே. 1950களில் ஆங்கில மொழியியலாளர் ஃபிர்த் கொலோகேஷனைக் கலைச்சொல்லாக்கியது, ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொல்லோடு கூடிவரும் என்பதைக் குறிக்க. ‘இணைமொழி’யும் ஆகாது. அக்கம்பக்கம், மேடுபள்ளம் போன்றவற்றுக்கு மலேசியப் பள்ளிகளில் அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது.

நடக்காத ஆசையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களையே பாருங்கள். ‘ஹோப்’புக்கு (நம்பிக்கை) முன் ஃபால்ஸ் (பொய்யான) வரும், வெயின் (வீணான) வரும், ராங் (தவறான) வராது. ஃபால்ஸ் ஹோப் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது, மருத்துவர் நோயாளிக்குக் கொடுப்பதுபோல. வெயின் ஹோப் அவரவரே வைத்துக்கொள்வது. பயஸ் (பக்தியுள்ள) ஹோப் ஒப்புக்குச் சொல்வது. நடக்காதென்று சொல்பவருக்கே தெரியும். ஹை, டால் இரண்டும் உயரத்தைத்தான் குறிக்கின்றன, ஆனாலும் ஹை ஹோப்ஸ் உண்டு, டால் ஹோப்ஸ் கிடையாது.

ஃபோர்லார்ன் ஹோப் கதையே வேறு. டச்சு மொழியில் அது ‘வெர்லோரன் ஹோப்’, அதாவது தொலைந்த படைக்கூட்டம். அந்த ‘ஹோப்’ குவியல், கூட்டம் என்று பொருள்படும். நம்பிக்கைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பீரங்கி உடைத்த மதில் வழியாக முதலில் பாய்கிறவர்களுக்கு அந்தப் பெயர். 1812இல் ஸ்பெயினின் பாதஹோஸ் கோட்டையை பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை பிடித்தபோதும் அப்படி ஒரு கூட்டம் முன்னே ஓடியது. பிழைத்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்பதால் அதற்கும் ஆள் வந்தது! ஆங்கிலேயர் காதில் அது வெறும் ‘ஹோப்’பாக விழ, இன்று கைகூடாத நம்பிக்கைக்குப் பெயராகிவிட்டது.

நம் பள்ளி இலக்கணத்தில் வினைமரபு படித்தோமே: கூடை முடை, பானை வனை, பால் பருகு. கொலோகேஷனில் பாதி அங்கேயே இருக்கிறது. அதை விரித்து ‘இணைமரபு’ என்றால் ஆசிரியர்களுக்கும் புதிதாகத் தோன்றாது. வேடிக்கை என்னவென்றால், பாலைப் பருகலாம். மனப்பாலைக் குடிக்கத்தான் முடியும்.

மரபுத்தொடரோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள்.

கொஞ்சம் குழம்பும். நடக்காத ஆசையைக் குறிக்கும் பைப் டிரீம் அபின் குழாய்ப் புகையில் பிறந்த கனவு. குழாயும் கனவும் தனித்தனியே தெரிந்தாலும் பொருள் பிடிபடாது. எனவே அது மரபுத்தொடர். ஃபால்ஸ் ஹோப்பில் இரு சொல்லும் தத்தம் பொருளிலேயே நிற்கின்றன, அது இணைமரபு. மனப்பால் மரபுத்தொடர்ப் பக்கம்தான் என்று நீங்கள் மடக்கலாம். சரிதான், ஆனால் ‘குடி’யை மாற்றவிடாத கட்டு இணைமரபில் உள்ள அதே கட்டுத்தான்.

அகராதிப் பதிவில் ‘மையச்சொல்’ (ஹோப் போல), ‘உடன்சொல்’ (வெயின் போல) என இரண்டு கட்டம் போட்டால் போதும். வெயின் ஹோப்புக்கு நேராக ‘வீண் நம்பிக்கை’ என்று எழுதிவிடாதீர்கள். ‘நப்பாசை’ என்றே இடலாம். இந்த இடத்தில் தமிழுக்கு ஆசைதான் வாகாக வருகிறது.

அன்புடன்